மாப்பிள்ளை கைபட்ட கம்ப்யூட்டர்

தாராளமாக உட்காருங்கள் சார். தட்டு என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் பழம் நசுங்கிவிடும். ஆரப்பாளையத்தில் ஏறியதிலிருந்து இப்படித்தான் கைக்குழந்தை மாதிரி கொண்டுவருகிறேன். பொள்ளாச்சி வரைக்கும் போகவேண்டும். நீங்கள் பழனியா? நல்லதாகப் போயிற்று, பேச்சுத்துணை ஆச்சு.

என்ன விசேஷம் என்றா கேட்டீர்கள்? ஆடிப் பதினெட்டு. மற்ற ஊரில் ஆடிப்பெருக்கு என்றால் ஆறு, சித்ரான்னம். எங்கள் சிவகாசியில் காலண்டர். அடுத்த வருஷத்துக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியில் எடுப்பார்கள். ஊர் ஊராக ஏஜென்டுகள் வந்து இறங்குவார்கள். ஆல்பத்தைப் புரட்டுவார்கள், ஆர்டர் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு பிரஸ்ஸில் ஆல்பம் தயாராக இல்லையென்றால் அந்த பிரஸ்ஸுக்கு அந்த வருஷமே இல்லை. ஏஜென்ட் பக்கத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கிறது.

பொள்ளாச்சியில் எங்களுக்கு ஒரு பெரிய ஏஜென்ட். அவரைத் தட்டு வைத்து நேரில் அழைத்துவிட்டு வரச் சொல்லி மாமனார் அனுப்பியிருக்கிறார். "மாப்ளை போனாத்தான் மரியாதை" என்றார். வாட்ஸப்பில் அழைப்பு போய், வருகிறேன் என்று அவரும் பதில் போட்டாகிவிட்டது. இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? போன வாரம் கரூர் போனேன். அதற்கு முந்தின வாரம் ஓசூர். நாகர்கோவிலுக்குப் போன அன்று ஏஜென்ட் ஊரிலேயே இல்லை. அவர் வீட்டு நாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் பெயர் சந்திரபோஸ் சார். அயர்லாந்தில் நிறைய வருஷம் இருந்தேன். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கவனித்துக்கொள்கிற வேலை. ஒருநாள் கூப்பிட்டு, நீங்கள் உழைத்தது போதும், ஓய்வெடுங்கள் என்று பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். நானாகக் கேட்கவில்லை. மனிதரை மதிக்கத் தெரிந்தவர்கள். என் மனைவி பொற்கொடிக்குச் சிவகாசி. அவளுடைய அப்பா வெயிலுமுத்து. காலண்டர் பிரஸ் வைத்திருக்கிறார். சித்திரையில் வந்து இறங்கினோம். மறுநாளே பிரஸ்ஸுக்குப் போனேன். சும்மா இருக்க முடியாது எனக்கு.

உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள் சார். மாமனாரும்தான். நாற்காலி வந்தது. அதைத் துடைத்துப் போட்டார்கள். "மாப்ளைக்குக் குடிக்கக் கலர் வாங்கிட்டு வாங்க" என்று சத்தம். நானும் தினமும் போகிறேன், தினமும் எழுந்து நிற்கிறார்கள், தினமும் கலர் வருகிறது. வேலை செய்கிறவனுக்கு யாராவது கலர் வாங்கித் தருவார்களா? விருந்தாளிக்குத்தான் தருவார்கள்.

அதனால் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டுமென்று அங்கே இருந்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன். அதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். லைசென்ஸ் எங்கே என்று கேட்டதற்கு என் மச்சான் குணசீலன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினான். லினக்ஸ் அப்படியில்லை சார். அதுவும் ஒரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள்தான், ஆனால் இலவசம். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதுவது. மாமாவிடம் இதைத்தான் சொன்னேன்.

"முதலாளி யாருங்க மாப்ளை?" என்று கேட்டார்.

"முதலாளின்னு யாரும் இல்ல மாமா. எல்லாரும் சேர்ந்து சும்மா செய்றாங்க."

"சும்மாவா?" கம்ப்யூட்டரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "அப்ப ஏதாச்சும் ஒண்ணுன்னா யார்ட்டங்க போயி சண்டை போடுறது?"

சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்வு அவருக்கு.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த சிஸ்டத்துக்கு அடிக்கடி அப்டேட் வரும். அவ்வப்போது புதுப் பதிப்பே வரும். வந்ததும் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் நிலையாக ஓடும். பல பேருக்கு இது புரிவதில்லை. ஓடுகிறதே, அப்புறம் எதற்குக் கைவைப்பது என்பார்கள். ஓடும்போதுதான் சார் கைவைக்க வேண்டும். நின்ற பிறகு கைவைத்தால் அதற்குப் பெயர் ரிப்பேர்.

முதல் அப்டேட் வைகாசியில் போட்டேன். மறுநாள் காலையில் ரெபேக்கா வந்து உட்கார்ந்தாள். தேதித் தாளெல்லாம் அவள்தான் கம்ப்யூட்டரில் அடுக்குவாள். தினமும் கிழிக்கிறோமே, ராகுகாலம், நல்ல நேரம், ராசிபலன் எல்லாம் போட்டு, அந்தத் தாள். திறந்தவள் "ஐயோ ஏசப்பா" என்றாள். போய்ப் பார்த்தால் கொம்பெல்லாம் கழன்று கிடக்கிறது. "நல்ல நேரம்" என்ற எழுத்தில் கொம்பு ஓரிடம், ந ஓரிடம். "யோகம்" மூன்று துண்டு. ஆட்டு மந்தை புகுந்துவிட்டுப் போன மாதிரி.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான சார் இருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் தப்பா நல்லா இருந்துச்சு ரெபேக்காம்மா. இப்ப சரியா உடைஞ்சிருக்கு" என்று விளக்கினேன். அவர்கள் வைத்திருந்த எழுத்துருக்கள் பழைய முறையில் செய்தவை. புது அப்டேட் உலக விதிப்படி நடக்கிறது. தவறு யார் மேல்?

அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சரிய எப்ப சார் தப்பாக்கித் தருவீங்க? மத்தியானம் அச்சு பிளேட் போட அனுப்பணும்" என்றாள்.

மாமா வந்தார். பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லைங்க மாப்ளை, உக்காருங்க" என்றார். பிறகு திரும்பி குணசீலனைப் பிடித்துக்கொண்டார். "ஏல குணா! ஓடிக்கிட்டிருக்கிற மிஷின்ல எவனாச்சும் கைய விடுவானால? அறிவிருக்கால? சோறு திங்கியா வேற எதுவும் திங்கியா?"

குணா தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். எனக்குப் பாவமாக இருந்தது. அவனுக்கும் நாற்பது வயதாகிறது. நாலு பேர் முன்னால் இப்படியா? நான் குறுக்கே புகுந்து, "விடுங்க மாமா, போகப் போகக் கத்துக்குவான்" என்றேன். அப்போது குணா என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், நன்றி அப்படியே தளும்பியது.

ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, அன்றைக்கு எனக்குக் குணா மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அப்படித் திட்டினாரே, கால்மணி நேரம் கழித்து "சாப்டியால?" என்று கேட்டுத் தன் டிபன் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார். என்னிடம் வந்து "மாப்ளை சாப்பிடலாங்களா? வீட்ல எலை போட்டாச்சுன்னு போன் வந்திருச்சு" என்கிறார். எனக்கு அப்பா நினைவு தெரிவதற்கு முன்பே தவறிவிட்டார் சார். திட்டு வாங்கி வளரவில்லை நான். அம்மாவுக்குத் திட்ட வராது. அயர்லாந்தில் திட்டுவதே இல்லை. மின்னஞ்சலில் "அன்புடன்" என்று முடித்துத்தான் வேலையை விட்டே எடுப்பார்கள். இங்கே வந்தால் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பெண்ணைக் கொடுத்த வீடு அல்லவா.

அது கிடக்கட்டும். எங்கே விட்டேன்? கொம்பு. அதைச் சரிசெய்துவிட்டேன். சரிசெய்தது நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதனால் மறுபடி ஒரு அப்டேட்.

இந்த முறை எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. தேதித் தாளில் ராகுகாலம் தானாகப் போய் உட்கார நானே ஒரு நிரல் எழுதியிருந்தேன். கிழமையைப் பார்த்து நேரத்தைப் போட்டுவிடும். மாதிரித் தாள்களை அச்சடித்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார்.

"மாப்ளை, திங்கக்கெழம ராகுகாலம் சாயந்திரம் நாலரையிலருந்து ஆறுன்னு போட்டிருக்குங்க."

பார்த்தேன். ஆமாம். ஞாயிற்றுக்கிழமையுடையது திங்களில் இருந்தது, திங்களுடையது செவ்வாயில். வாரம் முழுக்க ஒரு நாள் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஏன் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். "மாமா, நாம ஞாயித்துக்கிழமையிலருந்து எண்ணுறோம். உலக முறைப்படி வாரம் திங்கட்கிழமைதான் தொடங்குது. புதுப் பதிப்புல அதைச் சரிபண்ணிட்டாங்க" என்றேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "ராகுவுக்குத் தகவல் சொல்லியாச்சுங்களா மாப்ளை?" என்று கேட்டார்.

தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குணம் இந்த வயதிலும் அவருக்கு இருக்கிறது பாருங்கள். நான் பொறுமையாக முழு விவரத்தையும் சொன்னேன். முடிகிற வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்து போய் குணாவைத் தேடிப் பிடித்தார். அவன் பேப்பர் கட்டு எண்ணிக்கொண்டிருந்தான். இந்த விஷயத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. "ஏல! நம்ம காலண்டரப் பாத்து ஒருத்தன் திங்கக்கெழம காலைல எட்டு மணிக்குத் தாலி கட்டுனான்னு வையி, அவன் பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போனா நம்ம வாசல்லதாம்ல வந்து நிப்பான்! தலமொறையா சம்பாரிச்ச பேருல!"

சத்தம் தெருவுக்குக் கேட்டது. பாவம் குணா.

பிரின்டர் விஷயம் சின்னது. அதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு எங்கள் பிரின்டரை அது கண்டுகொள்ளவில்லை, பக்கத்து பிரஸ்ஸின் பிரின்டரைக் கண்டுகொண்டது. அவ்வளவுதான். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த எங்கள் புது முருகன் படம் அங்கே போய் வெளியே வந்துவிட்டது. அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். "மயிலு நல்லாருக்கு அண்ணாச்சி" என்று பாராட்டினார்கள். மாமா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

வீட்டில் பொற்கொடி கேட்டாள். "ஏங்க, அதத் தொடாம ஒரு மாசம் இருக்க முடியாதா உங்களால?"

"எதை?"

"எதையுமே."

"தொடாம விட்டா அது பழசாயிரும் பொற்கொடி."

"பழசாகட்டும். நானுந்தான் பழசாயிட்டேன். என்னைய என்ன அப்டேட்டா பண்ணிட்டிருக்கீங்க?"

பெண்களுக்குத் தொழில்நுட்பத்தில் ஈடுபாடு குறைவு என்று நான் சொல்லவில்லை சார். இவளுக்குக் குறைவு.

ஆனால் மாமா அப்படியில்லை. ஆனி பிறந்ததும் என்ன செய்தார் தெரியுமா? மாடியில் எனக்கென்று தனி அறை ஒதுக்கினார். ஏசி போட்டார். புது கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, "இனிமே சிஸ்டம் பூரா உங்க பொறுப்புங்க மாப்ளை. இத நீங்க என்ன வேணும்னாலும் செய்யலாம். யாரும் கேக்க மாட்டோம்" என்றார். கதவில் பெயர்ப்பலகை கூட உண்டு. அந்த அறையிலிருந்து கீழே பிரஸ்ஸுக்கு வயர் எதுவும் போகவில்லை. ஏனென்று குணாவைக் கேட்டேன். "பாதுகாப்புக்குத்தான் மச்சான்" என்றான். நல்ல சிந்தனை. அவனுக்கே தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் அந்த சிஸ்டத்துக்குப் போடாத அப்டேட் இல்லை. அடியிலிருந்து பிரித்துப் புதிதாகக் கோத்திருக்கிறேன். சில நாள் அது விழித்தெழவே இல்லை. எழுப்பினேன். அத்தனைக்கும் கீழே பிரஸ்ஸில் ஒரு புகார் கிடையாது. ஒரு கொம்பு கழலவில்லை. ராகு அவர் இடத்தில் இருக்கிறார். தாள் தாளாக அச்சாகி வந்துகொண்டே இருக்கிறது. முப்பது வருஷமாக நான் தேடிய நிலைத்தன்மை இதுதான் சார். அயர்லாந்தில் கூட இப்படி ஒரு சிஸ்டத்தை நான் பார்த்ததில்லை.

என்ன சார், ஏன் சிரிக்கிறீர்கள்? ஓ, இருமலா. தண்ணீர் வேண்டுமா?

இன்றைக்குக் காலையில்தான் ஒரு வேடிக்கை. இந்தத் தட்டுக்குச் சுற்றுவதற்கு வண்ணக் காகிதம் எடுக்கப் பின்பக்கம் குடோனுக்குப் போனேன். பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் என்னவோ வெளிச்சம். எட்டிப் பார்த்தால் ரெபேக்கா உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் கம்ப்யூட்டர். யாருடையது? நான் சித்திரையில் முதன்முதலாக லினக்ஸ் போட்டேனே, அதே பெட்டி. ஆனிக்கு முன்னால் நான் கடைசியாகப் போட்ட பழைய பதிப்பு. அதன் மேல் ஒரு பழைய புடவையை வேறு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

ரெபேக்காவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "சார், இது சும்மா சார். ஜெபப் பாட்டு கேக்குறதுக்கு வச்சிருக்கேன்" என்றாள்.

திரையில் ஆல்பத்தின் கடைசித் தாள்கள் இருந்தன. பாட்டு எதுவும் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம் சார் அந்தப் பெண். நல்ல சிஸ்டம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இருட்டு மூலையில், கைவிடப்பட்ட ஒரு பதிப்பை வைத்துக்கொண்டு மாரடிக்கிறாள். இன்டர்நெட் வயரை யாரோ பிடுங்கி, மேலே சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒரு அலட்சியம்.

"எனக்கு ஒரு ஆட்டோ பிடிச்சிட்டு வாம்மா" என்று அவளை வெளியே அனுப்பினேன். டேப்பைப் பிரித்தேன். வயரைச் சொருகினேன். கடவுச்சொல் நான் வைத்ததேதான், மாற்றக்கூட இல்லை. பழசிலிருந்து நேராக இன்றைய தேதிக்கு, நடுவில் எங்கும் நிற்காமல் போகிற மாதிரி ஒரே பாய்ச்சலாக அப்டேட்டை ஓட விட்டேன். யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று திரையைப் பூட்டினேன். புடவையையும் இழுத்து மூடிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு என் பரிசாக இருக்கட்டுமே. இந்நேரம் முடிந்திருக்கும். திறந்து பார்த்து அசந்துபோயிருப்பார்கள்.

ஒரு நிமிஷம் சார். போன். மாமா! அவர் என்னை நேராகக் கூப்பிடவே மாட்டாரே, பொற்கொடி வழியாகத்தானே எல்லாம்...

சொல்லுங்க மாமா. ஆமாம் மாமா, நான்தான். குடோனா? ஆமாம். பார்த்தீங்களா? இல்ல மாமா... இல்ல, கொம்பு வந்து... வாரமா? திங்கட்கிழமையிலயா... மாமா, அதுக்குக் காரணம்... சரி மாமா. ஒட்டன்சத்திரம் வரப்போகுது. சரி மாமா. சரி. சரிங்க மாமா.

கேட்டதா சார்? கேட்டிருக்கும். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்களே. "ஏல" என்றார் சார். என்னை. "ஏல, எங்கல போய்க்கிட்டிருக்க? அறிவு கெட்ட பயலே, ஒன்னைய யாருல தொடச் சொன்னா?" அப்படியே அடிவயிற்றிலிருந்து வந்தது. மாப்ளை இல்லை, ங்க இல்லை, ஒன்றும் இல்லை. குணா பக்கத்தில்தான் நின்றிருக்கிறான், "அப்பா, மச்சான்ப்பா, மச்சான்" என்று அவன் கத்துகிறது எனக்குக் கேட்கிறது. "எவனா இருந்தா என்னல" என்கிறார் சார்!

ஆல்பம் ஒன்றும் ஆகிவிடாது. குணா எல்லாத்துக்கும் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறானாம். ஆனால் அது அந்தப் பழைய பதிப்பில்தான் சரியாகத் திறக்குமாம். பழையதை அப்படியே போட்டுத் தர என்னைத் தவிர ஆள் இல்லை. "வந்து பழசையே போட்டுக் குடு. பொள்ளாச்சியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். பூசைக்கு ஆல்பம் வர்ற வரைக்கும் ஒரு பய பிரஸ்ஸ விட்டு வெளிய போகக்கூடாது, நீயுந்தான்" என்றார். நீயும்தான் என்றார். இந்த சீசன் முழுக்க என்னை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த மனிதர்.

என் வாழ்நாளில் ஒரு சிஸ்டத்தையும் நான் பின்னோக்கிக் கொண்டுபோனதில்லை சார். கொள்கையாகவே வைத்திருந்தேன். போட்டுக் கொடுக்கப்போகிறேன். அவர் சொன்ன பதிப்பு எதுவோ அதை. அவர் கேட்ட ராகுகாலத்தோடு.

கண்டக்டர் சார்! ஒட்டன்சத்திரம் ஒரு ஆள் இறங்கணும்! மதுரைக்கு உடனே வண்டி இருக்குமில்லையா? கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் சார், வருகிறேன். பழனியில் எனக்காகவும் ஒரு கும்பிடு போடுங்கள்.

போனை வைக்கும்போது கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா? "வர்ற வழியில எதையும் தொடாம, கையக் கட்டிக்கிட்டு நேரா வீடு வந்து சேரு" என்றார். பெற்றவர்களைத் தவிர வேறு யார் சார் நம்மிடம் இப்படிப் பேசுவார்கள்?